இறக்கத்தில் மட்டும் நல்ல கார்

எங்கள் அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டத் தெரியும், நிறுத்தவும் தெரியும். நிறுத்திய காரை நிம்மதியாக விட்டுவிட்டு வீட்டுக்குள் வரத்தான் தெரியாது. அந்தக் காரால் எங்கள் வீட்டில் வந்த அத்தனை வில்லங்கத்துக்கும் அதுதான் காரணம் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். நானும் அம்மாவின் கட்சிதான்.

பலாங்கொடைக்கு மேலே, பஸ் மூச்சு வாங்கி ஏறுகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா கணக்கப்பிள்ளை. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களை மலைக்கு அனுப்புவதில் தொடங்கி, சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிக்கும்வரை நடந்துகொண்டே இருக்கிற வேலை. அவருக்குக் காரின் மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தோட்டத்துத் துணை மேனேஜரான சின்னதுரை மாற்றலாகிப் போனபோது, தன்னுடைய பழைய ஜப்பான் காரை அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். போகிற போக்கில் ஒரு புத்தியும் சொன்னார். மேட்டில் நிறுத்தினால் ஹேண்ட்பிரேக்கை இழுக்க வேண்டாம், சில்லுக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தால் போதும் என்றார்.

காரை வாங்கிக்கொண்ட அப்பா புத்தியை வாங்கிக்கொள்ளவில்லை. கல் வைப்பது டிராக்டர்காரன் வேலை, கொழுந்து லொறிக்காரன் வேலை. கணக்கப்பிள்ளை காருக்குக் கல்லா? எங்கள் வீட்டு வாசலோ நல்ல சரிவு. ஆகவே ஒவ்வொரு நாளும் ஹேண்ட்பிரேக்கைக் கரகரவென்று கடைசிப் பல்வரை இழுப்பார். அதற்குப் பிறகு மற்றக் கையையும் கொடுத்து இன்னும் ஓர் இழுப்பு. அப்படியும் மனசு கேட்காமல் இறங்கிப்போய் பின்னால் நின்று காரைத் தள்ளிப் பார்ப்பார். அவர் வீட்டுக்குள் வந்ததும் அம்மா சத்தமில்லாமல் போய் இரண்டு பின்சில்லுக்கும் கல் வைத்துவிட்டு வருவாள். காலையில் அப்பா அவற்றைக் காலால் எத்திவிடுவார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. காருக்குக் கொட்டகை கிடையாது. இழுத்தபடி நாள்கணக்காக நனைந்த ஹேண்ட்பிரேக் கம்பி துருப்பிடித்துப்போயிற்று. அந்தக் காரின் பின்சில்லுக்குள்ளே சில்லோடு சேர்ந்து சுற்றுகிற ஓர் இரும்புத் தட்டு உண்டு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற சாமானுக்குக் கலிப்பர் என்று பெயர். பிரேக்கை மிதித்தால் கவ்வ வேண்டும், காலை எடுத்தால் விட்டுவிட வேண்டும். எங்கள் காரின் இடது பின்கலிப்பர் கவ்வுவதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, விடுவதை மறந்துவிட்டது.

வேறு ஊராக இருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் பாதை என்றால் ஒன்று ஏற்றம், அல்லது இறக்கம். ஏற்றத்தில் கார் இழுக்காமல் முனகியபோது அப்பா பெட்ரோலைக் குறை சொன்னார். பிறகு பாதையைச் சொன்னார். ஒருமுறை அம்மாவின் உடம்பையும் சொன்னார். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் வாய்க்கு ருசியாகச் சாப்பாடு கிடைக்கவில்லை. இறக்கத்திலோ கார் பசுவைப் போல அடங்கி வந்தது. பிரேக் போய் லொறி தேயிலைக்குள் உருண்ட கதைகளைக் கேட்டே வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு, இறக்கத்தில் தறிகெட்டு ஓடாத வண்டிதான் நல்ல வண்டி.

“பாத்தியா, கால் வைக்கவேயில்ல. அதுவா அடங்கி வருது. தொரைமாரு ஓட்டுன காருன்னா சும்மாவா?” என்று அப்பா பெருமைப்பட்டுக்கொள்வார்.

பின்சில்லைச் சுற்றிக் கரித்தூள் படிந்திருப்பதையும், வீட்டுக்கு வந்து நின்ற பிறகு அந்தப் பக்கம் அனல் அடிப்பதையும் அம்மாதான் கண்டுபிடித்தாள். அவள் நச்சரிப்புத் தாங்காமல் அப்பா ஸ்டோர் பாஸைக் கூப்பிட்டு வந்தார். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. அங்கே கொழுந்து உருட்டுகிற ரோலரையும் அடுப்பையும் பழுதுபார்க்கிறவர் அவர். உலகத்தில் உள்ள இயந்திரம் எல்லாம் ரோலரின் தம்பி தங்கைகள்தான் என்பது அவருடைய நினைப்பு. சில்லைக் கழற்றினார். கலிப்பருக்குள் இருந்த பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்குப் பெரிய கிளாம்ப் ஒன்றைப் போட்டு முறுக்கினார். அது அசையவில்லை. இன்னும் முறுக்கினார். பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் உறைதான் கிழிந்தது. கிழிந்ததை விரலால் தடவி ஒட்டவைக்கப் பார்த்துவிட்டு, ஹேண்ட்பிரேக் கம்பிக்குள் கழிவு எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, சில்லைப் பூட்டிவிட்டு எழுந்தார்.

“பிரேக்குன்னா புடிக்கணும். புடிக்குது. அப்புறம் என்னா குத்தம் சொல்றீங்க?” என்றார்.

இது நியாயமான கேள்வி என்று அப்பாவும் தலையாட்டினார். அம்மா தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

இந்த லட்சணத்தில்தான் அக்காவுக்கு இரத்தினபுரியிலிருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் எடுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிய முதல் பெண் அக்கா. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கு இரண்டு வாத்தியார்கள். அதில் ஒருவர் எப்போதும் லீவு. ஆகவே அக்கா டீச்சரானால் அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும் லாபம். இதைத் தவறவிட்டால் அடுத்த தடவை எப்போது கூப்பிடுவார்களோ, யாருக்கும் தெரியாது. கொழுந்து எடுக்கப் பேர் பதிவதுதான் மிச்சம்.

முதல் பஸ்ஸில் போனால் நேரத்தோடு போய்விடலாம் என்றாள் அம்மா. அப்பா முடியவே முடியாது என்றார். பஸ்ஸில் கூட்டம். சேலை கசங்கும். வியர்த்துப்போய் பெரிய ஆட்கள் முன்னால் எப்படி நிற்பது? வீட்டில் கார் இருக்கும்போது கணக்கப்பிள்ளை மகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதா? ஒரு காரணத்துக்கு அம்மா பதில் சொன்னால் இன்னொரு காரணம் வந்தது. இரண்டு நாள் இதே பல்லவி. அக்கா இதில் எதிலும் கலந்துகொள்ளாமல் கரிப்பெட்டியால் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் எனக்குப் புரியாத விசயம் ஒன்று உண்டு. சுமை ஏறினால் கார் இழுக்காது என்று புலம்புகிற மனிதர், அம்மாவும் நானும் கட்டாயம் கூட வரவேண்டும் என்றார். எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு வெள்ளை ரிப்பன் கட்டச் சொன்னார். முன்சீட்டில் ஜன்னலோரம் எனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். அது ஒருநாளும் எனக்குக் கிடைக்காத இடம். கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா?

அன்றைக்குக் காலையில் தூறல். நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று அம்மா நான்கு சில்லுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினாள். அப்பா காரை எடுத்தார். மூன்று பழம் நசுங்கியது. இடது பின்சில்லு சுற்றவேயில்லை. இரவெல்லாம் நனைந்து இறுகிப்போன அது, இழுபட்டபடியே வந்து தனக்கு முன்னாலிருந்த எலுமிச்சம்பழத்தைச் சரளைக்கல்லில் உருட்டித் தள்ளிக்கொண்டு போயிற்று. பழத்தில் ஒரு கீறல் இல்லை.

“வேணாங்க, சகுனம் சரியில்ல. பஸ்ஸுலயே அனுப்பிருவோம்” என்றாள் அம்மா.

அப்பா இறங்கி வந்து, அந்தப் பழத்தை எடுத்துத் துடைத்து, மறுபடி சில்லுக்கடியில் வைத்தார். காரைப் பின்னால் ஒரு தடவை, முன்னால் ஒரு தடவை வெட்டி வெட்டி எடுத்தார். நாலைந்து தடவைக்குப் பிறகு ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சில்லு அசைந்தது, பழம் நசுங்கியது. “ஆச்சா? ஏறுங்க” என்றார். சகுனத்தை அடித்துத் திருத்திய மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்தக் கூத்து நடந்து முடிவதற்குள் முதல் பஸ் கீழே போயிருந்தது.

இறக்கத்தில் கார் வழக்கம்போல அடங்கி வந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அடங்கி வந்தது. கருகல் வாடை வந்தபோது ஸ்டோரில் தூள் காய்கிற வாடை என்றார் அப்பா. ஸ்டோரைத் தாண்டி இரண்டு மலை வந்தாயிற்று என்றாள் அம்மா. மலையடிவாரத்தில், பாலத்தைத் தாண்டிப் பாதை சமமாகிற இடத்தில் கார் தானாகவே நின்றது. பாதை குறுகல், கார் நட்டநடுவில். இடது பின்சில்லிலிருந்து புகை. அக்கா மடியிலிருந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

எங்கிருந்துதான் ஆட்கள் வந்தார்களோ. ஒருவர் கடையிலிருந்து கேத்தலைக் கொண்டுவந்து, யாரையும் கேட்காமல் அனல் அடித்த தட்டின் மேல் தண்ணீரை ஊற்றினார். சுர்ரென்று ஆவி எழுந்ததைப் பார்த்து எல்லோரும் ஏதோ குணமாகிவிட்டது போலத் திருப்தியடைந்தார்கள். இன்னொருவர் என்ஜின் பானட்டைத் திறக்கச் சொன்னார். புகை பின்னாலிருந்துதானே வருகிறது என்று அம்மா கேட்டதற்கு, எதற்கும் பார்த்துவைப்பது நல்லது என்றார். அப்பா மண்ணில் மல்லாந்து காருக்கடியில் நுழைந்தார். வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள் “அஞ்சு நிமிசம், அஞ்சே நிமிசம்” என்று சொல்லிக்கொண்டேயிருந்தன.

அப்போது இரண்டாவது பஸ் வந்து எங்களுக்குப் பின்னால் நின்று ஹார்ன் அடித்தது. காரைத் தள்ளினால் நகர்ந்தால்தானே? சாரதி சிங்களத்தில் கத்த, கொண்டக்டர் தமிழில் கத்த, கடைசியில் பஸ்ஸிலிருந்த ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். அப்பாவை வெளியே இழுத்துப் போட்டார்கள். காரின் பின்பக்கத்தை அப்படியே கையால் தூக்கி ஓரத்தில் வைத்தார்கள். தேர்க்கட்டையைத் தூக்குகிற மாதிரி “ஏலேலோ” வேறு. நான் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டேன்.

“ஏறுடி நீ” என்றாள் அம்மா, அக்காவைப் பார்த்து.

“அவ ஏற வேணாம். நான் கொண்டுபோய் விடுவேன்.”

“எப்ப? பரீட்ச முடிஞ்ச பொறவா?”

அக்கா அப்பாவின் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவள் அப்பாவின் சட்டையெல்லாம் அப்பியிருந்த சேற்றைப் பார்த்தாள், பிறகு பஸ்ஸைப் பார்த்தாள். “நேரமாச்சுப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அப்பா பின்னாலேயே ஓடினார்.

“அப்படின்னா தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போம்மா. கூடவே வச்சுக்க.”

“இன்டவியூவுக்கு யாருப்பா சின்னப்புள்ளயக் கூட்டிக்கிட்டுப் போவா?” என்றாள் அக்கா படியில் நின்று. கொண்டக்டர் மணியை அடித்தார்.

எனக்கும் அதே கேள்விதான். அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன். பஸ் வளைவில் மறைந்த பிறகும் அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு ஒரு கல்லை எடுத்துக்கொண்டு காருக்கடியில் போனார். கலிப்பரில் கம்பி வந்து மாட்டுகிற நெம்புகோலைக் கல்லால் அடி அடியென்று அடித்தார். அத்தனை நாள் கோபத்தையும் அதில் காட்டினார் என்று நினைக்கிறேன். ஏதோ விட்டுக்கொடுத்து, சில்லு சுற்றியது. கார் ஊர்ந்து ஊர்ந்து பலாங்கொடைக்கு வந்து சேர்ந்தது.

பஜாரில் கராஜ் வைத்திருந்த, நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர் சில்லைக் கழற்றிப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். “யாரு இதுல கை வெச்சீக்கிற?” என்றார். அம்மா ஸ்டோர் பாஸின் பெயரை மட்டுமல்ல, பரம்பரையையும் சேர்த்துச் சொன்னாள்.

இந்த மாதிரிக் கலிப்பரில் பிஸ்டனைத் தள்ளினால் போகாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும் என்று நானா விளக்கினார். ரப்பர் கிழிந்ததால் உள்ளே தண்ணீர் போய் முழுக்கத் துருவேறியிருந்தது. அதைச் சரிசெய்து பிரயோசனமில்லை என்று, பின்னால் உடைத்துப் போட்டிருந்த ஒரு காரிலிருந்து வேறு கலிப்பரைக் கழற்றிவந்து பூட்டினார். புதுக் கம்பி போட்டார். பிரேக் எண்ணெயை ஊற்றி, அம்மாவை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதி, விடு, மிதி, விடு என்று குழாய்க்குள் இருந்த காற்றை எடுத்தார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். கடைசியாக நானா கையைத் துடைத்தபடி, “மழ நாளைல ஹேண்ட்பிரேக்க இழுத்துப் போட்டுட்டுப் போகாதீங்க. ஒரு கல்ல வெச்சா சரிதானே?” என்றார். அம்மா அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

அப்பா அதைக் கவனிக்கவில்லை. அவர் கராஜுக்குள் நின்றதே கொஞ்ச நேரந்தான். இரத்தினபுரிப் பக்கமிருந்து பஸ் வரும்போதெல்லாம் ஓடிப்போய், இறங்கினவர்களிடம் “வழியில செக்கிங் இருக்கா? ரொம்ப நேரம் நிப்பாட்டுறாங்களா?” என்று விசாரித்துக்கொண்டிருந்தார். லைசன்ஸை வீட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டார் போல என்று நான் நினைத்தேன். இன்னொரு அக்கப்போரா என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. பசி வேறு.

வேலை முடிந்ததும் இரத்தினபுரிக்குப் புறப்பட்டோம். கார் அன்றைக்குத்தான் கார் மாதிரி ஓடியது. அப்பாவோ எதிரே வந்த பஸ்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வழியில் ஓரிடத்தில் பீப்பாய்களை வைத்துப் பாதையை மறித்திருந்தார்கள். மழை வலுத்திருந்தது. அப்பா என் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கச் சொன்னார். நனைகிறதே என்றேன், இறக்கு என்றார். ஆமிக்காரர் குனிந்து என்னைப் பார்த்தார், என் ரிப்பனைப் பார்த்தார், பின்னால் அம்மாவைப் பார்த்தார்.

“கொஹெத யன்னே?” எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்.

“துவ எக்கங் என்ன யனவா, சேர்” என்றார் அப்பா. மகளைக் கூட்டிவரப் போகிறேன் என்று. ஆமிக்காரர் என் பெயரைக் கேட்டார், சத்தமாகச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கூரையில் தட்டி, போகச் சொல்லிவிட்டார். பாதையோரத்தில் ஒரு பஸ் நின்றது. அதிலிருந்து இறக்கப்பட்டவர்கள் ஐசி என்கிற அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, புல்லும் சேறுமான இடத்தில் வரிசையாக நின்றார்கள். அது யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அன்றாடம் பார்க்கிற காட்சி. நான் என் ரிப்பன் நனைந்துவிட்டதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தலையைத் திருப்பாமல் ஓட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து, அக்கா பரீட்சை நடந்த கந்தோர் வாசலில் கூரைக்கடியில் மற்றப் பிள்ளைகளோடு நின்றாள். அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து எனக்கே டீச்சராக வந்து என் கையில் அடித்ததும் நடந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. அப்பா காரை நிறுத்திவிட்டு ஓட்டமாகப் போனார். என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய், கிடைக்குமா என்று அவர் கேட்கப்போகிறார் என்று நானும் பின்னால் ஓடினேன்.

“எங்கயாச்சும் எறக்கி நிக்க வச்சாங்களா?”

“இல்லப்பா.”

“ஐசி கேட்டாங்களா?”

“இல்லப்பா. பஸ்ஸு நேரா வந்துருச்சு. உக்காந்துக்கிட்டே வந்தேன்.”

எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. விடியற்காலையிலிருந்து ஆளாளுக்கு இவ்வளவு பாடுபட்டது எதற்காக? பரீட்சையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் பஸ்ஸைப் பற்றி விசாரிக்கிற அப்பாவை என்ன செய்வது? அவருக்குத்தான் கேட்கத் தெரியவில்லை, நானாவது கேட்போம் என்று அக்காவை ஏற இறங்கப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தேய்த்த சேலை கொசுவம் கலைந்து, கெண்டைக்கால் வரை செம்மண் சேறு அப்பியிருந்தது. தோளும் முதுகும் நனைந்து ஒட்டியிருந்தன. ஃபைலை மட்டும் எப்படியோ நனையாமல் வைத்திருந்தாள்.

“ஏன்க்கா இப்படி நனைஞ்சிருக்க? பஸ்ஸுக்குள்ளயா மழ பேஞ்சுச்சு?” என்று கேட்டேன்.

அக்கா என் தொடையில் கிள்ளினாள். சாதாரணக் கிள்ளல் இல்லை, தோல் கன்றிப்போயிற்று. நான் கத்தி அழுதேன். வழக்கமாக இப்படியானால் அப்பா அக்காவை அதட்டுவார். அன்றைக்கு அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பூட்டாத கார்க்கதவின் சாவித்துவாரத்தில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டேயிருந்தார். அம்மா என் வாயைப் பொத்தி, அக்காவைத் தன் முந்தானையால் துடைத்தாள். கிள்ளு வாங்கியவள் நான், ஆறுதல் அவளுக்கு. வீடு வந்து சேரும்வரை ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. நான் கேட்டதில் என்ன தப்பு என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸுக்குள் மழை பெய்யாது என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது.